சீட்டுக்கு அடியில் ஒரு கசிவு

கிள்ளானிலிருந்து வடக்கே ஏறும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் கோல சிலாங்கூர் பட்டணத்தைக் கடந்து, சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் ஆற்றங்கரையில் பாசிர் பெனம்பாங். படகுத்துறை, கருவாட்டு வாடை, கடலுணவுக் கடைகள். மேலே போனால் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்வெளி. உள்ளே திரும்பினால் புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்கள். நாட்டில் வணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது இந்தப் பக்கம்தான். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கொன்னியே நட்டார்.

வண்டி நின்றால் வயிறும் நிற்கும் வட்டாரம் இது. அறுத்த செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். பிந்தினால் பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். மீனுக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகளைப் பட்டணத்துப் பள்ளியில் இறக்கிவிடும் வேனுக்கோ அரை மணி நேரத் தாமதம்கூட ஆகாது. ஆகவே இங்கே வண்டிகள் சீக்கிரம் ஓய்வு பெறுவதில்லை. பழுது பார்த்து, பழுது பார்த்து ஓட்டுவார்கள். அந்தப் பழுதுகளில் பட்டறை மெக்கானிக்குகளான போமன்கள் அதிகமாகத் தப்பாகக் கணிப்பது எது என்று என்னைக் கேட்டால், மேனிஃபோல்டு கேஸ்கட் என்பேன்.

ஒரு காலத்தில் தோட்டத் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர், அதற்குப் பக்கத்தில் நின்ற மோரிஸ் மைனர், 1970களில் நாடெங்கும் பரவிய டாட்சன் 120ஒய், அதன் பிறகு வந்த நிசான் வேனெட் என்ற நாலு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று பிரிட்டிஷ் ஜீப், ஒன்று பிரிட்டிஷ் கார், மற்ற இரண்டும் ஜப்பான் சாமான். ஆனால் இவற்றின் பெட்ரோல் இஞ்சின்களுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழியும் எரிந்த புகை வெளியே வரும் வழியும் சிலிண்டர் தலையின் ஒரே பக்கத்தில் இருக்கும். காற்று போகும் இன்டேக், புகை வரும் எக்ஸாஸ்ட் என்ற இரண்டு மேனிஃபோல்டுகளையும் தலையோடு சேர்த்து அடைப்பது நீளமான ஒரே கேஸ்கட். ஒரு முனையில் 30 டிகிரி காற்று, இரண்டு விரற்கடை தள்ளி 700 டிகிரி புகை. இரண்டுக்கும் ஒரே தகடு காவல்.

ஏன் அப்படிக் கட்டினார்கள்? செலவு குறையும் என்பது ஒரு காரணம். ஜப்பான் வண்டிகள் இரண்டிலும் வால்வை இயக்கும் தள்ளுகம்பிகள் மறுபக்கத்தில் ஓடுவதால் இந்தப் பக்கம் காலியாகக் கிடைத்தது இன்னொன்று. மூன்றாவதுதான் சுவையானது. கார்ப்ரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது உள்ளே ஓடும் காற்றைச் சில்லிட வைத்துவிடும். குளிர்ந்த பெட்ரோல் குழாய்ச் சுவரில் துளித்துளியாக ஒட்டிக்கொண்டு சிலிண்டர்களுக்குச் சமமாகப் பங்கு போகாது. அதனால் இன்டேக் மேனிஃபோல்டின் வயிற்றை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் முதுகில் உட்கார வைத்து, கீழிருந்து சூடு காட்டினார்கள். நல்ல யோசனை. ஆனால் சூடானதையும் குளிர்ந்ததையும் ஒரே கேஸ்கட்டில் கட்டிப்போட்ட பாவம் அதோடு வந்தது.

வேனெட்டைத்தான் இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். 1488 சிசி ஏ15 இஞ்சின். வார்ப்பிரும்புக் கட்டை, அலுமினியத் தலை. சி22 என்ற அந்த மாடலை ஜப்பான் 1990களில் கைவிட்ட பிறகும் தான் சோங் நிறுவனம் மலேசியாவில் பல ஆண்டுகள் அதைப் பொருத்தி விற்றது. இஞ்சின் இருப்பது முன்சீட்டுக்கு அடியில். இந்த ஒரு விவரத்தை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் காற்று உள்ளே போகும் பக்கம்.

இஞ்சின் சும்மா நின்று ஓடும்போது திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் கீழே இறங்கி இழுக்கின்றன, காற்றுக்கு வழியில்லை. அதனால் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக் காற்றின் மூன்றில் ஒரு பங்குக்கு விழுந்துவிடும். வெளியே நிற்கும் காற்று எந்தச் சந்து கிடைத்தாலும் பாயத் தயாராக இருக்கும். கேஸ்கட் ஓரிடத்தில் அரித்துப்போய் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓட்டை விழுந்ததாக வைத்துக்கொள்வோம். எவ்வளவு காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும்?

ஒரு தோராயக் கணக்குப் போடலாம். உள் அழுத்தம் வெளி அழுத்தத்தில் ஏறக்குறைய 53 விழுக்காட்டுக்குக் கீழே போனால், ஓட்டையின் குறுகலில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. காது கொடுத்தால் கேட்கும் 'உஸ்ஸ்' சத்தத்தின் பிறப்பிடம் அதுதான். அந்த நிலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நிமிடத்தில் சுமார் 8 லிட்டர் காற்று நுழையும். 3 மில்லிமீட்டர் ஓட்டையின் பரப்பு 7 சதுர மில்லிமீட்டர். ஆக நிமிடத்துக்கு 55, 60 லிட்டர். நின்று ஓடும் ஏ15 இஞ்சின் 800 சுற்றில் மொத்தமாகக் குடிக்கும் காற்றே 150 முதல் 200 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்குக் காற்று கார்ப்ரேட்டருக்குத் தெரியாமல் வந்துவிட்டது.

தெரியாமல் வந்த காற்றுக்குப் பெட்ரோல் கிடையாது. 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். திருட்டுக் காற்று சேர்ந்ததும் அது 19, 20க்குப் போய்விடும். அவ்வளவு நீர்த்த கலவையில் தீப்பொறி விழுந்தாலும் தீ பரவாது. இஞ்சின் உதறும், விட்டுவிட்டு அடிக்கும், சிக்னலில் நின்றதும் செத்துப்போகும். ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சிலிண்டர்தான் அதிகம் பாதிக்கப்படும்; அதன் பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக வெளுத்திருக்கும்.

இனிமேல்தான் குழப்பம். அதே வண்டியைச் சாலையில் விட்டால் நன்றாக ஓடும். 3000 சுற்றில் இஞ்சின் நிமிடத்துக்கு 1300 லிட்டருக்கு மேல் காற்றைக் குடிக்கிறது. ஓட்டை வழியே வருவதோ அதே 60 லிட்டர், அல்லது அதைவிடக் குறைவு. 5 விழுக்காட்டு வித்தியாசத்தை இஞ்சின் பொருட்படுத்தாது. "ரோட்டுல நல்லா போகுது போமன், நின்னாத்தான் நடுங்குது" என்று வேன்காரர் சொல்வார். போமன் கார்ப்ரேட்டர் திருகைத் திருகிப் பெட்ரோலைக் கூட்டுவார். நடுக்கம் குறையும். ஆனால் அன்றிலிருந்து சாலையில் போகும்போதெல்லாம் தேவைக்கு மேல் பெட்ரோல் எரியும். காசு புகையாகப் போகும், பிளக் கறுக்கும். இரண்டு மாதத்தில் "கார்ப்ரேட்டர் போச்சு, மாத்தணும்" என்ற தீர்ப்பு வரும். நல்ல கார்ப்ரேட்டர்கள் எத்தனை இப்படிக் குப்பைக்குப் போயிருக்கும்! நின்றால் நடுங்கி, ஓடினால் சரியாகும் பழைய வண்டிக்குக் கார்ப்ரேட்டரைத் தொடுமுன் கேஸ்கட்டைச் சந்தேகப்படுவதே முறை.

சோதிப்பது எளிது. இஞ்சின் நின்று ஓடும்போது மேனிஃபோல்டும் தலையும் சேரும் கோட்டில் தெளிப்புப் புட்டியால் தண்ணீரைச் சன்னமாகத் தெளியுங்கள். சந்து இருந்தால் தண்ணீர் ஒரு கணம் அதை அடைக்கும்; சத்தம் மாறும். சிலர் கார்ப்ரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ அடிப்பார்கள். வேலை செய்யும்தான். ஆனால் இந்த இஞ்சின்களில் அதே இடத்துக்கு விரற்கடை கீழே எக்ஸாஸ்ட் கொதிக்கிறது. சீட்டைத் தூக்கிவிட்டு அதன்மேல் குனிந்துகொண்டு எரியும் சாமானை அடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

இப்போது புகை வெளியே வரும் பக்கம்.

எக்ஸாஸ்ட் பக்கம் கசிந்தால் 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். நூற்றுக்கு எத்தனை பேர் இதை டேப்பட் சத்தம் என்று நினைத்து வால்வு இடைவெளியைச் சரி செய்யக் காசு கொடுத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அவர்கள் காதில் குறையில்லை. நாலு ஸ்ட்ரோக் இஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புகை தள்ளும். அதன் வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். 800 சுற்றில் இரண்டுமே நிமிடத்துக்கு 400 தடவை, விநாடிக்கு ஏழு தடவை தட்டும். தாளத்தை வைத்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

நடத்தையை வைத்துப் பிரிக்கலாம். காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பலமாகக் கேட்டு, ஐந்து பத்து நிமிடத்தில் அடங்கினால் அது பெரும்பாலும் கசிவு. இரும்பு சூடேறி விரிந்து சந்தை மூடிக்கொள்கிறது. மேடு ஏறும்போது சத்தம் கூடினாலும் கசிவுதான்; பாரம் ஏறினால் புகையின் அழுத்தம் ஏறும், டேப்பட்டுக்குப் பாரம் தெரியாது. இன்னும் சந்தேகமென்றால், இஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றி, இஞ்சின் உடலோடு எர்த் இணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்து கேளுங்கள். அந்தச் சிலிண்டரில் எரிப்பு இல்லாததால் கசிவுச் சத்தம் மங்கிவிடும். டேப்பட் மங்காது. கண்ணுக்கும் சாட்சி கிடைக்கும்: கசியும் இடத்தில் கரிப்புகை கறுப்புக் கோடு போட்டிருக்கும்.

ஏன் கசிகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் நடுத்தூண். வார்ப்பிரும்பு ஒரு டிகிரி சூட்டுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 11 பங்கு விரியும். அலுமினியம் 23 பங்கு. அலுமினியம்தான் இரண்டு மடங்கு விரிகிறது என்று தோன்றும். ஆனால் சூடு சமமாக ஏறுவதில்லை. அலுமினியத் தலைக்குள் தண்ணீர் ஓடுகிறது. அது 90 டிகிரியில் நிற்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குத் தண்ணீர் கிடையாது; அது 500 டிகிரிக்குப் போகும். 40 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கணக்குப் பார்த்தால், தலை அரை மில்லிமீட்டர் நீளும், மேனிஃபோல்டு 2 மில்லிமீட்டர் நீளும். நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் சண்டை. நடுப்பகுதி நகராமல் நின்றால் இரண்டு ஓரங்களிலும் முக்கால் மில்லிமீட்டர் வீதம் இரும்பு அலுமினியத்தின் மேல் நகர்ந்தாக வேண்டும்.

இதனால்தான் மேனிஃபோல்டின் ஓரத்து ஓட்டைகள், தலையில் நட்டிருக்கும் திருகாணியான ஸ்டட்டைவிட அகலமாகத் துளைக்கப்பட்டிருக்கும். கேஸ்கட்டின் ஒரு முகத்தில் வழுவழுப்பான உலோகத் தகடு இருப்பதும் இதற்காகத்தான். அடைப்பது கேஸ்கட்டின் பாதி வேலை. அடைத்துக்கொண்டே வழுக்க விடுவது மறுபாதி. மருமகளையும் மாமியாரையும் ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்றும் மகனின் வேலை என்று சொல்லலாம்; இருவரையும் பிரியவும் விடக்கூடாது, ஒட்டி நெரிக்கவும் விடக்கூடாது.

வண்டி ஒவ்வொரு தடவை சூடாகிக் குளிரும்போதும் இந்த நகர்வு ஒருமுறை போய் ஒருமுறை வரும். ஆகவே கேஸ்கட்டின் ஆயுளை அறியக் கிலோமீட்டரைவிட எத்தனை தடவை சூடாகிக் குளிர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். பினாங்குக்குப் போய்வரும் கார் ஒரு நாளில் இரண்டு தடவை குளிர்ந்தால் அதிகம். பள்ளி வேன் காலையில் ஒரு ஓட்டம், மதியத்தில் ஒன்று, மாலை வகுப்புக்கு ஒன்று என்று ஓடி ஓடி ஆறும். குறுகிய தூரம்தானே என்று நினைப்போம். கேஸ்கட்டுக்கு அதுதான் கொடுமை.

இதில் இன்னொரு வினோதமும் உண்டு. ஓரத்து நட்டுகள் துருப்பிடித்து இறுகி, இரும்பை நகர விடாமல் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? சூட்டில் இளகிய இரும்பு நீள முடியாமல் தனக்குள்ளேயே கொஞ்சம் நசுங்கும். குளிர்ந்ததும் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் மேனிஃபோல்டு புதிதாக இருந்ததைவிடக் குட்டையாகிவிடும், வளையவும் செய்யும். கழற்றிய பழைய மேனிஃபோல்டைத் திரும்ப மாட்டும்போது ஓரத்து ஓட்டை ஸ்டட்டில் ஏறாமல் அடம் பிடிப்பது இதனால்தான். நகர முடியாத இரும்பு கடைசியில் ஸ்டட்டை ஒடிக்கும். ஓரத்து ஸ்டட் ஒடிவதே வழக்கம். நடு ஸ்டட் ஒடிவது அபூர்வம். பாசிர் பெனம்பாங் மாதிரி உப்புக் காற்று வீசும் ஊரில் துரு இந்த வேலையை இன்னும் சீக்கிரம் முடித்துக் கொடுக்கும்.

சீட்டுக்கு அடியில் இஞ்சின் இருப்பதை நினைவில் வைக்கச் சொன்னேன். காரணம் கார்பன் மோனாக்சைடு. கார்ப்ரேட்டர் வைத்த பழைய இஞ்சினின் புகையில் 3 விழுக்காடு அளவுக்கு அது இருப்பது சாதாரணம். அதாவது பத்து லட்சத்தில் 30,000 பங்கு. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். பத்து லட்சத்தில் 200 பங்கு இருந்தாலே இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வரும். அந்த அளவை எட்ட, ஒரு பங்குப் புகை 150 பங்குக் காற்றில் கலந்தால் போதும். சாதாரணக் காரில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிந்தால் புகை பெரும்பாலும் பானட்டுக்கு வெளியே போய்விடும். வேனெட்டில் இஞ்சின் மூடியின் ரப்பர் ஓரம் பழசாகிக் கிழிந்திருந்தால், புகை நேராகப் பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு வரும். ஜன்னலை மூடி ஏர்கோன் போட்டுக்கொண்டு மழையில் சாலை நெரிசலில் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளை "தலை வலிக்குது" என்றால் வெயில், பசி, படிப்பு என்று சொல்லிவிடுவோம். ஒரே வேனில் வரும் இரண்டு மூன்று பிள்ளைகள் அப்படிச் சொன்னால், வேன் அங்கிளிடம் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

பிந்தைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கதை கொஞ்சம் மாறும். புகைத் துடிப்புகளுக்கு இடையே எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு கண நேர வெற்றிடம் வரும். ஓட்டை இருந்தால் வெளிக் காற்றை அது உள்ளே இழுக்கும். ஆக்சிஜன் சென்சர் "காற்று அதிகம்" என்று கம்ப்யூட்டரிடம் கோள் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். பெட்ரோல் தின்னும் பழைய வீரா காருக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி மாற்றும் வேலை. முந்தின நாள் இரவே எல்லா நட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். இந்த ஒரு வேலையைப் பொறுமையாகச் செய்தவருக்குப் பாதிப் பிரச்சினை வராது. மறுநாள் இஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர் கிளீனர், திராட்டில் கம்பி, பெட்ரோல் ஹோஸ், வேக்வம் ஹோஸ்கள் என்று ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டுக்குள் ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் வகையென்றால் முதலில் தண்ணீரை இறக்குங்கள். ஹோஸ்களுக்கு அடையாளம் ஒட்டுவது வெட்கப்பட வேண்டிய காரியமில்லை. கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாலும் போதும்.

நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒன்று வர மறுத்தால் பலம் காட்டாமல், கால் சுற்று இறுக்கி அரைச் சுற்றுத் தளர்த்தி, மறுபடியும் எண்ணெய் விட்டு ஆட்டிப் பாருங்கள். ஸ்டட் ஒடிந்து கொஞ்சம் வெளியே நின்றால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகினால், வெல்டிங் சூட்டிலேயே பெரும்பாலும் இளகி வந்துவிடும். தலைக்குள்ளேயே ஒடிந்துவிட்டால் அதைத் துளைத்து எடுக்கும் வேலையை லேத் கடையில் பழகின கையிடம் விடுவதே மேல். அலுமினியத்தில் துளை கோணலாகப் போனால் திரும்பி வராது.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டுமுன் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கேஸ்கட்டுகளில் கல்நார் உண்டு. சூட்டுக்கு அஞ்சாத, மலிவான நார் என்பதால் உலகமே அதைப் பயன்படுத்தியது. மூச்சில் போனால் பல ஆண்டுகள் கழித்து நுரையீரலைக் கெடுக்கும் என்பது பிறகே பரவலாகத் தெரிந்தது. தொழிற்சாலைகளில் கல்நார் வேலையைக் கட்டுப்படுத்த மலேசியாவில் 1986இல் தனி விதிகள் வந்தன. ஐந்தடிப் பட்டறைக்கு எந்த விதியும் தானாக நடந்து வருவதில்லை. பழைய கேஸ்கட்டை நனைத்து, ஈரமாகவே சுரண்டி, ஈரமாகவே பையில் கட்டிப் போடுங்கள். காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். கம்பித் தூரிகையை டிரில்லில் மாட்டி ஓட்டாதீர்கள்; அது தூசியைக் கிளப்பும், அலுமினிய முகத்தையும் குழிக்கும். சுரண்டும்போது துவாரங்களைத் துணியால் அடைக்க மறக்க வேண்டாம். அப்புறம் துணியை எடுக்கவும் மறக்க வேண்டாம்.

அடுத்து வருவதுதான் அவசரக்காரர்கள் தாண்டிப் போகும் இடம். நேரான எஃகுப் பட்டை ஒன்றை மேனிஃபோல்டின் முகத்தில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு நுழையாவிட்டால் நல்லது. 0.2க்கு மேல் நுழைந்தால் லேத் கடைக்கு அனுப்பித் தேய்க்க வேண்டும். வளைந்த முகத்தில் புதுக் கேஸ்கட்டை வைப்பது காசைத் தண்ணீரில் போடுவது. நம் நாலு வண்டிகளைப் போல் இரண்டு மேனிஃபோல்டும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்தவை என்றால், இணைத்த நிலையிலேயே இரண்டு முகங்களையும் ஒரே மட்டத்தில் தேய்க்க வேண்டும். தனித்தனியாகத் தேய்த்தால் ஒன்று முன்னே, ஒன்று பின்னே நிற்கும்.

இங்கே இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. சில ஸ்டட்டுகளில் ஒரே தடித்த வாஷர் ஒரு பக்கம் இன்டேக் விளிம்பையும் மறுபக்கம் எக்ஸாஸ்ட் விளிம்பையும் சேர்த்து அமுக்கும். இரண்டு விளிம்பும் ஒரே தடிமனாக இருந்தால்தான் இரண்டுக்கும் சம அழுத்தம். பழைய சாமான் விற்கும் பொட்டுக் கடையிலிருந்து வேறொரு வண்டியின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை வாங்கி மாட்டினாலோ, ஒன்றை மட்டும் தேய்த்தாலோ தடிமன் மாறிவிடும். வாஷர் சாய்ந்து ஒரு பக்கத்தை மட்டும் கடிக்கும். புதுக் கேஸ்கட் போட்டும் மூன்றே மாதத்தில் திரும்பக் கசியும் வண்டிகளில் முதலில் இந்த வாஷரைப் பாருங்கள்.

கேஸ்கட்டின் உலோக முகம் பெரும்பாலும் மேனிஃபோல்டைப் பார்க்க வேண்டும், மெத்தென்ற முகம் தலையைப் பார்க்க வேண்டும். வழுக்க வேண்டியது மேனிஃபோல்டுதானே. உற்பத்தியாளர் வேறு மாதிரி அச்சடித்திருந்தால் அதையே கேளுங்கள். டியூபில் வரும் சிலிக்கான் பசையை இங்கே தொடாதீர்கள். சாதாரண வகை 250, 300 டிகிரியில் கருகும். எக்ஸாஸ்ட் பக்கம் அது ஒரு ஓட்டத்துக்கும் தாங்காது. இன்டேக் பக்கம் பெட்ரோல் அதை உப்ப வைக்கும், பிய்ந்ததை இஞ்சின் உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு முகமும் சுத்தமாக, தட்டையாக இருந்தால் பசை தேவையே இல்லை.

இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் இணைக்கும் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, முதலில் இரண்டையும் தலையோடு சேர்த்து உட்கார வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். அதன் பிறகே இடை போல்ட்டுகளை இறுக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் போதும். உங்கள் வண்டியின் கையேட்டு அளவே இறுதி. குறைவாகத் தோன்றுகிறதா? 18 நியூட்டன் மீட்டர் திருகினால் அந்த ஒரு ஸ்டட் தரும் அமுக்கம் 11,000 நியூட்டனுக்கு மேல், அதாவது ஒரு டன்னுக்கும் அதிகம். ஸ்டட்டில் எண்ணெய் பூசியிருந்தால் உராய்வு குறைந்து, அதே திருகலில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அமுக்கும். நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டி இறுக்குகிறவர் கேஸ்கட்டை நசுக்குகிறார், அலுமினியத்தின் மரையைப் பிய்க்கிறார், போதாக்குறைக்கு மேனிஃபோல்டு வழுக்கும் சுதந்திரத்தையும் பறிக்கிறார். துருப்பிடித்த பழைய நட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுச் செம்பு முலாம் பூசிய நட்டோ பித்தளை நட்டோ போடுங்கள். அடுத்த தடவை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

ஸ்டார்ட் செய்ததும் முதல் சில நிமிடம் கொஞ்சம் புகை வரும். கைபட்ட எண்ணெய் எரிகிறது, பயப்பட வேண்டாம். கார்ப்ரேட்டர் திருகை யாராவது முன்பு கூட்டி வைத்திருந்தால் இப்போது பழைய அளவுக்கு இறக்க வேண்டும். புதுக் கேஸ்கட் சூட்டில் கொஞ்சம் படியும், அமுக்கம் குறையும். ஆகவே இரண்டு மூன்று நாள் ஓட்டிய பிறகு, காலையில் இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது அதே வரிசையில் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பல போமன்கள் இந்த இரண்டாவது இறுக்கலுக்கு வண்டியை வரச் சொல்வதில்லை. வேன்காரரும் கேட்பதில்லை.

வேலையை முடிக்குமுன் இஞ்சின் மூடியின் ரப்பர் ஓரத்தையும் பாருங்கள். கிழிந்திருந்தால் அதையும் அன்றே மாற்றச் சொல்லுங்கள். பள்ளி வேன் என்றால் அதை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.